குளிசையை விழுங்கினால் மட்டும் போதுமா?
குருதியில் மருந்தை அளப்பது பற்றிய ஒரு பாடம்



சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி எது? "இந்த மாரிக்கு எவ்வளவு மழை பெய்தது?" என்பதல்ல. "குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?" என்பதுதான். மழை தாராளமாகப் பெய்திருக்கலாம். ஆனால் கட்டு உடைந்திருந்தாலோ, துருசு ஒழுகினாலோ, அந்த மழையினால் வயலுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உடையார்கட்டுக் குளத்தின் கீழ் விதைத்தவர்களுக்கு இதை எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மருந்தின் கதையும் இதுவேதான். எத்தனை குளிசை விழுங்கினோம் என்பது பெய்த மழையைப் போன்றது. குருதியில் எவ்வளவு மருந்து நிற்கிறது என்பதே குளத்து நீர்மட்டம். நோயை வெல்வது பெய்த மழை அல்ல, நிற்கும் நீரே. அந்த நீர்மட்டத்தை ஆய்வுகூடத்தில் எப்படி அளக்கிறார்கள், அதனால் நமக்கு என்ன பயன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். காசநோயையும் அதற்குக் கொடுக்கப்படும் மருந்தையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஏன் இந்தப் பாடம்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவருக்குக் காசநோய். ஆறு மாதம் குளிசை போடவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறிவிட்டது. அந்த வேளையில் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் தமையனுக்கு இருமல் தொடங்குகிறது. "எனக்குச் சுகமாகிவிட்டது, அண்ணைக்குப் பாதியைக் கொடுப்போம்" என்று தம்பி தன் குளிசையில் பங்கு கொடுக்கிறார். இன்னொரு வீட்டில், மருந்து எடுக்கப் போக வழியில்லை என்று ஒரு நாளைக்குரியதை இரண்டு நாளுக்குப் பிரித்துப் போடுகிறார்கள்.

இரண்டும் கெட்ட எண்ணத்தினால் நடப்பவை அல்ல. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரு பாணைப் பத்துப் பேர் பங்கிட்டு உண்டவர்கள். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று வைத்தியசாலையே மக்களோடு இடம்பெயர்ந்தது. கிளினிக் அட்டையையும் மருந்தையும் வழியில் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இருப்பதைப் பங்கிடுவதும் மிச்சம் பிடிப்பதும் அந்த நாட்களில் நம்மை உயிரோடு வைத்திருந்த பழக்கங்கள். ஆனால் பாணுக்குப் பொருந்தும் நியாயம் மருந்துக்குப் பொருந்தாது. பாதிப் பாண் பாதிப் பசியைத் தீர்க்கும். பாதிக் குளிசை பாதி நோயைத் தீர்க்காது. சில வேளை அது நோய்க் கிருமிக்கே பயிற்சி கொடுத்துவிடும். அளவு குறைந்த மருந்தில் பலவீனமான கிருமிகள் சாக, மருந்தை எதிர்க்கும் கிருமிகள் தப்பிப் பெருகும். பிறகு அதே குளிசை முழு அளவிலும் வேலை செய்யாமற் போகலாம்.

குளிசை போகும் பாதை

விழுங்கிய குளிசை இரைப்பையில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து குருதியோடு கலந்து உடம்பெங்கும் ஓடுகிறது. குருதியில் செங்கலங்களையும் வெண்கலங்களையும் நீக்கினால் மிஞ்சும் இளமஞ்சள் திரவத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். குருதியில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு இதுவே. மருந்தை அளப்பது பெரும்பாலும் இந்தத் திரவத்திலேயே.

ஈரல் மருந்தை அப்படியே விட்டுவைப்பதில்லை. நொதியங்களைக் கொண்டு அதை வேறு பொருளாக மாற்றுகிறது. இந்த மாற்றத்தை அனுசேபம் என்றும், மாறி வந்த பொருளை அனுசேபப் பொருள் என்றும் சொல்வார்கள். நெல் அரிசியாகி உமி தனியே போவதைப் போல, மருந்தும் உருமாறிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. குடல் குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் என்றால், ஈரலும் சிறுநீரகமும் நீர் வெளியேறும் துருசுகள். வரத்துக்கும் போக்குக்கும் இடையில் நிற்பதே குருதியில் உள்ள மருந்தின் செறிவு.

சென்னையில் கண்ட உண்மை

1956 ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, சென்னை மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியவை சேர்ந்து இதை அமைத்தன. வைத்தியர் வாலஸ் பொக்ஸ் இதன் முதற் பணிப்பாளர். அந்நாட்களில் காசநோயாளர் மாதக்கணக்கில் சானற்றோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்று நம்பப்பட்டது. சென்னையின் நெருக்கமான, வறிய குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானற்றோரியத்திலும் மற்றப் பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தபோதிலும், ஒழுங்காக மருந்து எடுத்த வீட்டு நோயாளர்கள் சானற்றோரிய நோயாளர்களுக்கு ஏறக்குறைய ஈடாகச் சுகமடைந்தார்கள். 1959 இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. ஏழையின் கொட்டிலிலும் காசநோய் தீரும், மருந்து ஒழுங்காகக் குருதிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது அதனால் நிரூபணமாயிற்று.

மருந்து உண்மையில் உள்ளே போயிற்றா என்பதை அறிய அந்நிலையத்தவர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளியை நம்பாததால் அல்ல. மருந்து வேலை செய்யவில்லையா, அல்லது மருந்து உள்ளே போகவில்லையா என்று பிரித்தறியாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்பதால்.

இன்னுமொரு புதுமையையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். காசநோய்க்கு 1952 முதல் பாவிக்கப்படும் ஐசோனியாசிட் என்ற மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும், சிலரின் குருதியில் அது நீண்ட நேரம் நிற்கிறது. வேறு சிலரில் விரைவாக மறைந்துவிடுகிறது. 1960 இல் பிரைஸ் எவன்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும், மருந்து கொடுத்து 6 மணித்தியாலம் கழித்துக் குடும்பம் குடும்பமாகக் குருதி எடுத்துப் பிளாஸ்மாவை அளந்தார்கள். மனிதர்கள் இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரிந்தார்கள். இது பரம்பரையாக வரும் இயல்பு என்பது அதனால் உறுதியாயிற்று. ஐசோனியாசிட்டை மாற்றும் ஈரல் நொதியம் சிலரில் வேகமாகவும் சிலரில் மெதுவாகவும் வேலை செய்கிறது. தென்னிந்திய மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாக மாற்றுபவர்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இருவரின் பிளாஸ்மாவிலும் ஒரு லீற்றருக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று வைப்போம். வேகமாக மாற்றுபவரில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும். மெதுவாக மாற்றுபவரில் பாதியாக 3 மணித்தியாலம் எடுக்கும். 6 மணித்தியாலம் கழித்து முதலாமவரில் 0.3 மில்லிகிராம்தான் மிஞ்சும். மற்றவரில் 1.25 மில்லிகிராம் நிற்கும். குளிசை ஒன்று, நோய் ஒன்று, ஆனால் குருதியில் நிற்பது நான்கு மடங்கு வித்தியாசம்.

வேகமாக மாற்றுபவருக்கு ஒவ்வொரு நாளும் மருந்து கிடைத்தால் குறை பெரிதாகத் தெரியாது. ஆனால் வாரம் ஒரு தடவை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வில், வேகமாக மாற்றுபவர்களே அதிகம் பின்தங்கினார்கள். மெதுவாக மாற்றுபவர்களுக்கு வேறொரு சங்கடம். மருந்து கூடுதலாக நிற்பதால் கை கால் விறைப்பு, எரிவு ஏற்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். பி6 உயிர்ச்சத்துக் குளிசை அதைத் தடுக்கிறது. காசநோய்க் குளிசையோடு அந்தச் சிறு குளிசையையும் தருவது இதற்காகவே. "இது வெறும் விற்றமின்தானே" என்று எறிந்துவிடாதீர்கள்.

ஒரே நாளைக்குரிய ஐசோனியாசிட்டை இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, ஒரே தடவையில் கொடுப்பது கூடிய பலன் தருவதையும் சென்னையில் கண்டார்கள். வாய்க்காலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டால் தலைவயல் குடித்துவிடும், கடைவயலுக்கு எட்டாது. ஒரே தடவையில் நிறையத் திறந்தால் கடைக்கோடி வரை பாயும். மருந்தும் குருதியில் ஒரு தடவை நன்றாக உயர்ந்தால்தான் சுவாசப்பையின் மூலையில் ஒளிந்திருக்கும் கிருமிவரை எட்டும். "நான்கு குளிசையையும் ஒன்றாக விழுங்குங்கள்" என்று தாதி சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆய்வுகூடத்தில் நடப்பது

1. குருதி எடுத்தல்: குருதி உறையாமல் இருக்க மருந்து இடப்பட்ட குழாயில் சில மில்லிலீற்றர் குருதி எடுக்கப்படும். எடுத்த நேரமும் கடைசியாகக் குளிசை விழுங்கிய நேரமும் எழுதப்படும்.

2. பிரித்தல்: குழாயை வேகமாகச் சுழலும் பொறியில் வைப்பார்கள். பாரமான கலங்கள் அடியில் படிய, பிளாஸ்மா மேலே தெளியும். ஐசோனியாசிட் சூட்டில் நின்றால் குறைந்துகொண்டே போகும். ஆகவே பிளாஸ்மாவை உடனே பிரித்து உறைகுளிரில் வைப்பார்கள். வெய்யிலில் கிடந்த குழாய் பொய்க் கணக்குச் சொல்லும்.

3. புரதத்தை நீக்கல்: பிளாஸ்மாவில் புரதம் நிறைய உண்டு. அது அளவையைக் குழப்பும். பாலில் தேசிக்காய்ப் புளி விட்டதும் திரைவதுபோல, அமிலமோ வேறு திரவமோ சேர்த்துப் புரதத்தைத் திரளச் செய்து நீக்குவார்கள். மருந்து தெளிந்த நீரில் நிற்கும்.

4. தூற்றுதல்: இனி மருந்தையும் அதன் அனுசேபப் பொருளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவேண்டும். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பாரமான மணி அருகில் விழ, பதர் தூரப் போய் விழுகிறது. ஆய்வுகூடத்தில் காற்றுக்குப் பதிலாக ஒரு திரவம், களத்துக்குப் பதிலாக நுண்ணிய தூள் அடைத்த ஒரு குழாய். மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தும்போது, தூளில் அதிகம் ஒட்டும் பொருள் பிந்தியும், குறைவாக ஒட்டும் பொருள் முந்தியும் வெளியே வரும். இதற்குத் திரவ நிறப்பகுப்பு என்று பெயர்.

5. அளத்தல்: ஒவ்வொரு பொருளாக வெளியே வரும்போது அதன் ஊடாகக் கழியூதா ஒளியைச் செலுத்துவார்கள். பொருள் எவ்வளவோ அவ்வளவுக்கு ஒளி உறிஞ்சப்பட்டு, வரைபில் ஒரு மேடு எழும். ஐசோனியாசிட்டுக்கு ஒரு மேடு, அதன் அனுசேபப் பொருளுக்கு இன்னொரு மேடு. இன்னும் நுட்பமான ஆய்வுகூடங்களில் ஒளிக்குப் பதிலாக, மூலக்கூறுகளைத் திணிவுப்படி இனங்காணும் திணிவு நிறமாலைமானியைப் பாவிக்கிறார்கள்.

6. ஒப்பிடுதல்: மேட்டைப் பார்த்து மட்டும் அளவு சொல்ல முடியாது. லீற்றருக்கு 1, 2, 5, 10 மில்லிகிராம் என்று தெரிந்த அளவில் மருந்து கலந்த பிளாஸ்மாக்களையும் அதே வழியில் அனுப்பி, அவற்றின் மேடுகளோடு ஒப்பிடுவார்கள். முத்திரையிட்ட கொத்து இல்லாமல் நெல் அளக்க முடியுமா?

வேலையின் இடையே சிறிது மருந்து சிந்திப் போகலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. பத்துக் கொத்து நெல்லுக்குள் நூறு புளியங்கொட்டையை எண்ணிக் கலந்துவிட்டு, எல்லா வேலையும் முடிந்தபின் எண்பது கொட்டைதான் இருந்தால், நெல்லிலும் ஐந்தில் ஒரு பங்கு சிந்திவிட்டது என்று அறியலாம் அல்லவா? அதுபோல ஆரம்பத்திலேயே வேறொரு பொருளைத் தெரிந்த அளவில் கலந்துவிடுவார்கள்.

முன்னாளில் இத்தகைய பொறிகள் இல்லாதபோது, காசநோய்க் கிருமியையே அளவுகோலாக்கினார்கள். நோயாளியின் குருதியிலிருந்து எடுத்த நீர்ப்பாயம் கிருமியின் வளர்ச்சியை எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று பார்த்தார்கள். அம்முறை வேலை செய்யும் மருந்தை மட்டுமே காட்டும். கிருமியைக் கொல்லாத அனுசேபப் பொருளை அது காட்டாது. இன்றைய முறை இரண்டையும் காட்டுவதால், அவற்றின் விகிதத்தைக் கொண்டே ஒருவர் வேகமாக மாற்றுபவரா மெதுவாக மாற்றுபவரா என்று சொல்லிவிடலாம்.

நேரம் சொல்லாத சோதனை பயனற்றது

குளத்தின் மட்டத்தை வான் பாயும் நாளில் அளப்பதற்கும் ஆவணி வெய்யிலில் அளப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஐசோனியாசிட், ரிபாம்பிசின் ஆகிய மருந்துகளுக்குப் பொதுவாக விழுங்கி 2 மணித்தியாலத்தில் ஒரு தடவையும் 6 மணித்தியாலத்தில் இன்னொரு தடவையும் குருதி எடுப்பார்கள். இரண்டு தடவையும் குறைவாக இருந்தால் குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சவில்லை. முதலில் குறைந்து பிறகு கூடினால், உறிஞ்சுவது தாமதமாகியிருக்கிறது. 300 மில்லிகிராம் ஐசோனியாசிட் விழுங்கியவருக்கு உச்ச வேளையில் லீற்றருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

வெறும் வயிற்றில் குளிசை போடச் சொல்வதும் இதற்காகவே. சோற்றோடு சேர்ந்தால் இந்த மருந்துகளின் உச்சம் தாழ்ந்துவிடுகிறது. குமட்டல் தாங்கமுடியாவிட்டால் நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் வழி சொல்வார்.

எல்லாக் காசநோயாளருக்கும் இந்தக் குருதிச் சோதனை தேவைப்படுவதில்லை. நிறைக்கு ஏற்பத் தரும் அளவு பெரும்பாலானோருக்குப் போதும். மருந்தை ஒழுங்காக எடுத்தும் சுகம் வராதவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், தீராத வயிற்றோட்டம் உள்ளவர்கள் போன்றோருக்கே இது உதவும். வீட்டில் காணக்கூடிய அடையாளம் ஒன்றும் உண்டு. ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது இரத்தமல்ல, பயப்பட வேண்டாம். மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மருந்தோடு மருந்து, மருந்தோடு மீன்

ரிபாம்பிசின் ஈரலின் நொதியங்களைத் தூண்டி வேறு பல மருந்துகளுக்குத் துருசைப் பெரிதாகத் திறந்துவிடும். நீரிழிவுக் குளிசை சில, கருத்தடைக் குளிசை, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றின் மட்டம் இறங்கிவிடும். ஐசோனியாசிட் இதற்கு மாறாகச் சில துருசுகளை அடைக்கும். வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுப்பவரில் அந்த மருந்து குருதியில் ஏறி, நடை தள்ளாடலாம். ஆகவே எடுக்கும் எல்லா மருந்தையும் வைத்தியருக்குக் காட்டவேண்டும்.

நமது நாட்டில் கண்டறிந்த செய்தி ஒன்று. 1977 இல் வைத்தியர்கள் உரகொடவும் கொட்டேகொடவும், ஐசோனியாசிட் எடுப்பவர்கள் சில வகை மீன்களை உண்டபின் முகம் சிவந்து, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு ஏற்படுவதை எழுதினார்கள். சூரை போன்ற மீன் பழுதடையும்போது அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். அதை அழிக்கும் நொதியத்தை ஐசோனியாசிட் தடுத்துவிடுகிறது. மருந்து எடுக்கும் காலத்தில் சூரையைத் தவிர்ப்பது நல்லது. இப்படி நடந்தால் மருந்தை நிறுத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அனுசேபப் பொருளே நஞ்சாகும் சந்தர்ப்பமும் உண்டு. காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோலில் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப் பொருளாக மாறும். அளவோடு எடுத்தால் உடம்பு அதைச் சமாளிக்கும். அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. அளவு மிஞ்சியவர் முதல் நாள் சுகமாகவே தோன்றலாம். அதை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. விழுங்கி 4 மணித்தியாலத்தின் பின் பிளாஸ்மாவில் அளந்து பார்த்து, தேவையானால் மாற்று மருந்து கொடுத்து ஈரலைக் காப்பாற்றுவார்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

ஒருவருக்குத் தந்த குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டாம். வீட்டில் வேறொருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், குளிசையை அல்ல, துணையைக் கொடுங்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அவரைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சோதனையும் மருந்தும் இலவசம்.

சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தவேண்டாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கவும் வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.

மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி, அடையாள அட்டையோடு பொலித்தீனில் சுற்றி வையுங்கள். வெள்ளம் வந்தாலும், மறுபடி இடம் மாற நேர்ந்தாலும் அது கூடவே வரும்.

கண் மஞ்சளானாலோ, பசி அற்று வாந்தி எடுத்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் மருந்தை நடுவில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? பஸ் காசா, கூலி வேலை நாளை இழக்கும் பயமா, ஊரார் பேச்சா?

2. கிளினிக் நாளில் அந்தக் குடும்பத்தின் வயல் வேலையையோ பிள்ளைகளையோ பார்த்துக்கொள்ள நம்மில் யார் முன்வரலாம்?

3. காசநோயாளரை நாம் ஒதுக்கி வைத்ததுண்டா? அதனால் அவர் மருந்தை மறைத்துப் போடவோ, விடவோ நேர்ந்ததா?

நல்ல சமாரியனின் கதையை நாம் அறிவோம். அவன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, சுகமாகும்வரை ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். நமது அயலவருக்கும் முதல் நாள் இரக்கம் மட்டும் போதாது. ஆறு மாதமும் கூட நடக்கும் இரக்கம் வேண்டும். குளிசையைப் பங்கிடாமல் சுமையைப் பங்கிடுவோம்.